எல்லை கடந்த அவை: வடபுல நாடுகளின் சட்டமன்றக் கூட்டுறவு

நாடுகளுக்கிடையேயான உறவு என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் தலைமையமைச்சர்களும் தூதர்களும் படைத்தலைவர்களுமே ஆவர். சட்டம் இயற்றும் அவைகளில் அமர்ந்திருப்போரை அந்த வரிசையில் நாம் வைத்து எண்ணுவதில்லை. ஆயினும் எல்லைப்புறத்தில் வாழும் உழவனும் மீனவனும் தொழிலாளியும் தம் இன்னலை முதன்முதலாகக் கொண்டு செல்வது தம் தொகுதியின் உறுப்பினரிடமே. அவ்வுறுப்பினரோ அதனைத் தம் நாட்டு அவையில் எழுப்பலாமேயன்றி, இன்னலுக்குக் காரணமான சட்டத்தை இயற்றிய அண்டை நாட்டு அவையில் எழுப்ப இயலாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கு உலகில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் நெடுநாள் நிலைத்து நின்றது, வட ஐரோப்பாவின் ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்திவரும் நார்டிக் அவையாகும். அதன் தோற்றத்தையும் இயக்கத்தையும் அதன் குறைகளையும் இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய இவ்வைந்து நாடுகளின் மக்கள்தொகையைக் கூட்டினாலும் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம்தான். நம் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. அமைதியும் செல்வமும் நிறைந்த சிறு நாடுகள் ஒன்றுகூடி உறவாடுவதில் என்ன வியப்பு என்று கேட்போர் உண்டு. அவர்கள் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பகை நிறைந்த பழங்கதை

1397இல் கல்மார் நகரில் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்றும் ஒரே முடியின்கீழ் இணைந்தன. அவ்விணைப்பு 16ஆம் நூற்றாண்டில் முறிந்தபின் டென்மார்க்கும் சுவீடனும் பல தலைமுறைகள் போரிட்டன. பின்லாந்து 1809 வரை சுவீடனின் பகுதியாகவும், பின்னர் 1917 வரை உருசியப் பேரரசின் பகுதியாகவும் இருந்தது. நார்வே 1814இல் டென்மார்க்கின் கையிலிருந்து சுவீடன் மன்னரின்கீழ் வந்து, 1905இல்தான் தனித்தது. ஐஸ்லாந்து குடியரசானது 1944இல். ஆக, இந்த ஐவருள் ஒருவர் மற்றவரை ஆண்டதும் ஒருவரிடமிருந்து மற்றவர் விடுபட்டதுமே அவர்தம் வரலாறு எனலாம்.

20ஆம் நூற்றாண்டிலும் வழக்குகள் ஓயவில்லை. சுவீடிய மொழி பேசும் ஓலந்துத் தீவினர் சுவீடனோடு சேர விழைந்தனர், பின்லாந்து விட்டுக்கொடுக்கவில்லை. 1921இல் நாட்டுக்கூட்டவை அத்தீவுகளைப் பின்லாந்திற்கே உரியவை எனத் தீர்த்து, தீவினரின் மொழிக்கும் தன்னாட்சிக்கும் காப்பளிக்க வேண்டும் எனப் பணித்தது. 1931இல் கிழக்குக் கிரீன்லாந்தின் ஒரு பகுதியை நார்வே தனதென அறிவித்தது. டென்மார்க் ஹேக் நகரிலிருந்த அனைத்துலக நீதிமன்றத்தை நாடி, 1933இல் வென்றது. தோற்ற நார்வே தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. வழக்கு இருந்ததா இல்லையா என்பதைவிட, வழக்கின் முடிவை இரு தரப்பும் ஏற்றனவா என்பதே அண்டை நாடுகளிடையே நாம் நோக்க வேண்டியது.

இப்பகைகளுக்கு நடுவிலேயே மற்றொரு நூலும் இழையோடி வந்தது. 1872இல் இந்நாடுகளின் சட்ட அறிஞர்கள் கோபன்ஹேகனில் கூடினர். அக்கூட்டங்களின் விளைவாக, வணிகர் கையாளும் மாற்றுச் சீட்டுகளுக்கு 1880இல் ஒரே வகையான சட்டம் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளிலும் வந்தது. 1907இல் இம்மூன்று நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அதற்கு வித்திட்ட டென்மார்க் நாட்டுப் பிரெடரிக் பையர் அடுத்த ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசினைப் பெற்றார். நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த வேளை அது என்பதை நினைவிற் கொள்க. பிரிவின் புண் ஆறுமுன்னரே பேச்சைத் தொடங்கினர்.

ஓர் எதிர்க்கட்சித் தலைவரின் கருத்து

இரண்டாம் உலகப் போர் அந்நாடுகளைப் பிளந்தது. டென்மார்க்கும் நார்வேயும் செருமானியர் கையில் வீழ்ந்தன. சுவீடன் நடுநிலை வகித்தது. பின்லாந்து சோவியத் நாட்டோடு போரிட்டுத் தோற்றது. அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். 1943 செப்டம்பர் இறுதியில், டென்மார்க்கில் வாழ்ந்த யூதர்களைச் சிறைப்பிடிக்கச் செருமானியர் நாள் குறித்திருந்தனர். கோபன்ஹேகனிலிருந்த செருமானியத் தூதரகத்தைச் சேர்ந்த டக்விட்ஸ் என்பார் இச்செய்தியை மறைவாக ஹான்ஸ் ஹெட்டாப்ட் என்னும் டேனிய அரசியல் தலைவரிடம் தெரிவித்தார். ஹெட்டாப்ட் உடனே சென்று யூதத் தலைவர்களை எச்சரித்தார். அடுத்த சில கிழமைகளில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோர் மீன்பிடி படகுகளில் ஓரெசுண்டு நீரிணையைக் கடந்து சுவீடனில் அடைக்கலம் புகுந்தனர். அண்டை நாடு என்பதன் பொருளை ஹெட்டாப்ட் எந்த ஏட்டிலும் படித்து அறிந்தவரல்லர்.

போருக்குப்பின், 1948-49இல், டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகியவை ஒரு கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு முயன்றன. முயற்சி தோற்றது. டென்மார்க்கும் நார்வேயும் ஐஸ்லாந்தும் 1949இல் நேட்டோவிற் சேர்ந்தன. சுவீடன் தனித்து நின்றது. பின்லாந்து 1948இல் சோவியத் நாட்டோடு செய்த உடன்படிக்கையால் கட்டுண்டிருந்தது. பெரியதொரு கட்டடத்திற்குத் தோண்டிய அடித்தளம் இவ்வாறு இடிந்து கிடந்த நிலையில்தான், 1951 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய நாடாளுமன்ற உறுப்பினர் சங்கத்தில் ஹெட்டாப்ட் எழுந்து, உறுப்பினர்கள் ஒழுங்காகக் கூடிக் கலந்து பேச நிலையான அவை ஒன்று வேண்டும் என்றார். அப்போது அவர் ஆட்சியில் இல்லை. முந்தைய ஆண்டுதான் தலைமையமைச்சர் பதவியை இழந்திருந்தார். இக்கருத்து ஓர் அரசின் திட்டமாக வராமல் எதிர்க்கட்சியில் இருந்த ஒருவரின் வாயிலிருந்து வந்தமையே இவ்வவையின் இயல்பை முடிவு செய்தது என்பது நம் கருத்து. ஏனெனில் அமைச்சர்களின் மாநாட்டில் ஆளுங்கட்சியின் குரல் மட்டுமே ஒலிக்கும். ஆட்சி மாறினால் அவ்வுறவும் ஆட்டங்காணும். இங்கோ எல்லாக் கட்சியினரும் அமர்கின்றனர்.

1952இல் டென்மார்க், நார்வே, சுவீடன், ஐஸ்லாந்து ஆகியவற்றின் நாடாளுமன்றங்கள் இதனை ஏற்றன. நார்வேயில் கடும் எதிர்ப்பு இருந்தது. அந்நாட்டார் சுவீடனின் முடியாட்சியிலிருந்து விடுபட்டு அப்போது அரைநூற்றாண்டுகூட ஆகவில்லை. ‘ஒன்றியம்’ என்ற சொல்லே அவர்கட்குக் கசந்தது. ஆகவே அவைக்குச் சட்டம் இயற்றும் ஆற்றல் எதுவும் தரப்படவில்லை. பரிந்துரைக்கலாம், ஆணையிட இயலாது. 1953 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் டென்மார்க் நாடாளுமன்ற மண்டபத்தில் முதற்கூட்டம் நடந்தது. ஹெட்டாப்ட் தலைவரானார். அவ்வாண்டே மீண்டும் தலைமையமைச்சராகி, 1955 ஜனவரியில் இதே அவையின் கூட்டத்திற்காக ஸ்டாக்ஹோம் சென்றிருந்தபோது அங்கேயே உயிர் நீத்தார்.

பின்லாந்தின் நிலை தனித்துக் கருதத்தக்கது. சோவியத் நாட்டின் ஐயத்திற்கு அஞ்சி முதலில் அது விலகியே நின்றது. ஸ்டாலின் 1953இல் மறைந்தபின் பனி சற்று உருகியது. 1955இல் பின்லாந்து இணைய முன்வந்தபோது, படைத்துறைச் செய்திகளும் வல்லரசுகளின் பூசல்களும் பேசப்படுமாயின் தம் உறுப்பினர்கள் அவ்விவாதத்திற் பங்கேற்க மாட்டார்கள் என்று தெளிவாகவே கூறியது. ஏனையோர் அதனை ஏற்றுக்கொண்டனர். பேசக்கூடாத பொருள் எது என்பதை முன்னரே வரையறுத்துவிட்டமையால், பேசக்கூடிய பொருள்களில் அச்சமின்றிப் பேச முடிந்தது.

அவை இயங்கும் முறை

இன்று இவ்வவையில் 87 உறுப்பினர்கள் உள்ளனர். நார்வேயும் சுவீடனும் இருபதின்மர் வீதம் அனுப்புகின்றன. டென்மார்க்கின் இருபதில் இருவர் பாரோ தீவினர், இருவர் கிரீன்லாந்தினர். பின்லாந்தின் இருபதில் இருவர் ஓலந்துத் தீவினர். ஐஸ்லாந்து எழுவரை அனுப்புகிறது. இவர்களை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அந்தந்த நாடாளுமன்றம் தன்னிடமுள்ள கட்சிகளின் வலிமைக்கேற்பத் தன் உறுப்பினர்களுள்ளிருந்தே தெரிந்து அனுப்புகிறது. ஆகவே ஓர் உறுப்பினர் காலையில் தம் நாட்டு அவையிலும் மறுகிழமை இவ்வவையிலும் ஒரே சிக்கலைப் பேச இயலும். மேலும், உறுப்பினர்கள் நாடுவாரியாக அன்றிக் கட்சிக் குழுக்களாகவும் இணைந்து செயற்படுகின்றனர். சுவீடனின் தொழிலாளர் கட்சியினரும் டென்மார்க்கின் தொழிலாளர் கட்சியினரும் ஒரு குழு. பழமை போற்றுவோர் மற்றொரு குழு. இதனால் விவாதம் ‘எம் நாடு, உம் நாடு’ என்று பிளவுபடுவது பெரிதும் குறைகிறது.

அமைச்சர்களும் கூட்டத்திற்கு வருவர், பேசுவர், வினாக்களுக்கு விடையளிப்பர், வாக்களிக்க மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை. அவை பரிந்துரை ஒன்றை நிறைவேற்றினால் அதன்மேல் என்ன செய்யப்பட்டது என்று அரசுகள் திரும்ப வந்து அறிக்கை தருதல் வேண்டும். ஆணையிட இயலாத அவை பல்லில்லாத பாம்பு என்று முதலில் எள்ளினர். ஆனால் ஆண்டுதோறும் ஐந்து நாட்டு இதழாளர்கள் முன்னிலையில், தம் கட்சிக்காரர் உள்ளிட்ட பலரும் கேட்டிருக்க, ‘நாங்கள் ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்ல எந்த அமைச்சரும் விரும்புவதில்லை. 1962இல் ஹெல்சிங்கி ஒப்பந்தம் இக்கூட்டுறவுக்குச் சட்ட வடிவம் தந்தது. 1971இல் அமைச்சர்களுக்கெனத் தனி மன்றமும் அமைந்தது. அரசுகள் சட்டமன்றத்தாரைப் பின்தொடர்ந்து வந்தன என்பதை இக்கால வரிசையே காட்டும்.

விளைந்த பயன்கள் யாவை? 1954இல் பொதுத் தொழிலாளர் சந்தை உடன்படிக்கை வந்தது. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டில் தனி அனுமதியின்றி வேலை பார்க்கலாம் என்றாயிற்று. பின்லாந்து அவையிற் சேருமுன்னரே இதிற் பங்கு கொண்டது. 1955இல் சமூகக் காப்புறுதி உடன்படிக்கை. 1957இல் கடவுச்சீட்டு ஒன்றிய உடன்படிக்கை. 1969, 1970 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் ஏறத்தாழ எண்பதாயிரம் பின்லாந்தினர் வேலை தேடிச் சுவீடனுக்குப் பெயர்ந்தனர். கடல் கடந்து பொருள் தேடச் செல்லும் வழக்கத்தைக் குடும்பந்தோறும் அறிந்த நமக்கு, சென்ற நாட்டில் நோயுற்றாலும் முதுமையுற்றாலும் அந்நாட்டுக் குடிமகனைப் போலவே காக்கப்படுவோம் என்ற உறுதி எத்துணைப் பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றினும் நுட்பமானது, 1974இல் டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நான்கும் ஸ்டாக்ஹோமில் கையெழுத்திட்ட சுற்றுச்சூழல் காப்பு உடன்படிக்கை. ஓர் ஆலைக்கு அனுமதி வழங்கும் அதிகாரி, அதனால் அண்டை நாட்டில் விளையக்கூடிய கேட்டைத் தம் நாட்டிலேயே விளையும் கேடாகக் கருதியே முடிவெடுத்தல் வேண்டும் என்பது அதன் முதன்மை விதி. மேலும் எல்லைக்கு அப்பால் பாதிக்கப்பட்டவர், ஆலை இருக்கும் நாட்டின் நீதிமன்றத்திலேயே அந்நாட்டுக் குடிமகனுக்குரிய அதே உரிமையோடு வழக்குத் தொடரலாம். ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவன் தன் அரசிடம் முறையிட, அவ்வரசு மேல்நாட்டு அரசுக்கு மடல் எழுத, அம்மடல் ஆண்டுக்கணக்கில் உறங்க, இதற்கிடையே வயல் பாழாகும் நிலைக்கு அங்கே இடமில்லை. இதைப் போன்றதொரு விதியை எல்லைகளைக் கடந்து ஓடும் எத்தனையோ ஆறுகளின் கரையில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

மொழி என்னும் சிக்கல்

தமிழ்த்துறை மாணவர் தனியே கவனிக்க வேண்டியது மொழிநிலை. டேனியம், நார்வேயம், சுவீடியம் ஆகிய மூன்றும் உடன்பிறப்புகள். ஒருவர் பேசுவதை மற்றவர் ஏறக்குறைய விளங்கிக்கொள்வர். டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து ஆகியவற்றின் நாடாளுமன்றப் பெயர்களின் இறுதியில் வரும் ‘திங்’ என்ற சொல் அவை எனப் பொருள்படும் பழஞ்சொல்லே. ஐஸ்லாந்தின் ‘ஆல்திங்கு’ 930இல் தோன்றியது. உத்தரமேரூரில் குடவோலை முறையை வகுத்துரைக்கும் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை எனினும், ஒரே தலைமுறைக் காலத்தில் உலகின் இரு கோடிகளிலும் அவைகள் பற்றிய செய்தி இருத்தல் நினைக்க இனிது.

ஆனால் பின்னியமொழி வேறு குடும்பத்தது. தமிழுக்கும் இந்திக்கும் உள்ள தொலைவு பின்னியத்திற்கும் சுவீடியத்திற்கும் உண்டு. ஐஸ்லாந்தியமோ அம்மூன்றோடு உறவுடையதாயினும் பழமையைக் கைவிடாமையால் மற்றவர்க்கு விளங்குவதில்லை. அவையின் பணிமொழிகளாக மூன்று உடன்பிறப்பு மொழிகளே அமைந்தமையால், பின்லாந்தினரும் ஐஸ்லாந்தினரும் பிறர் மொழியிலேயே வாதிடும் நிலை ஏற்பட்டது. தாய்மொழியில் வாதிடுபவனுக்கும் கற்ற மொழியில் வாதிடுபவனுக்கும் இடையே சமன்மை இல்லை என்பதை நாம் அறிவோம். இக்குறை பலகாலம் பேசப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர், 1981இல் ஒரு மொழி உடன்படிக்கை செய்யப்பட்டு 1987இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு நாட்டுக் குடிமகன் மற்றொரு நாட்டின் அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் தன் மொழியைப் பயன்படுத்த வழி செய்யப்படுதல் வேண்டும். அண்மைக் காலத்தில் பின்னியமும் ஐஸ்லாந்தியமும் அவையின் ஆட்சிமொழிகள் என்ற மதிப்பைப் பெற்றுள்ளன. எனினும் பணிமொழிகள் பழைய மூன்றே. தீர்வு அரைகுறையானதே என்பதில் ஐயமில்லை. 1962 முதல் இவ்வவை இலக்கியப் பரிசொன்றை ஆண்டுதோறும் வழங்கி வருகிறது. அரசியல் அவையொன்று அண்டை நாட்டு இலக்கியத்தைப் படிக்கத் தூண்டுதல் நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும்.

தோல்விகள்

எல்லாம் வெற்றி என்று எழுதுவது ஆராய்ச்சியாகாது. 1968இல் டென்மார்க் முன்மொழிந்த நார்டெக் என்னும் பொருளாதாரக் கூட்டமைப்பு வரைவு வடிவம் பெற்றபின், 1970இல் பின்லாந்து பின்வாங்கியமையால் கலைந்தது. டென்மார்க் 1973இல் ஐரோப்பியச் சமூகத்திற் சேர்ந்தது. சுவீடனும் பின்லாந்தும் 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தன. நார்வே மக்கள் 1972, 1994 ஆகிய இருமுறையும் மறுத்து வாக்களித்தனர். அவரவர் வழி வேறாயிற்று. இதைவிட நெஞ்சைத் தொடுவது எல்லைகளின் கதை. 2000 ஜூலையில் திறக்கப்பட்ட ஓரெசுண்டுப் பாலம் கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் ஒரே ஊர்போல் ஆக்கியது. 2015இல் ஏதிலியர் பெருமளவில் வந்தபோது சுவீடன் எல்லைச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. 2016 ஜனவரி முதல் டென்மார்க்கிலிருந்து வரும் தொடர்வண்டிப் பயணிகள் அடையாளச் சான்று காட்ட வேண்டியதாயிற்று. நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குச் செல்வோர் வரிசையில் நின்றனர். 2020இல் பெருந்தொற்று வந்தபோது, சுவீடனின் ஹபரந்தாவும் பின்லாந்தின் தோர்னியோவும் கூடும் பொதுச் சதுக்கத்தின் நடுவே வேலி எழுந்தது. அரைநூற்றாண்டுக் கூட்டுறவு ஒரு வாரத்தில் மறக்கப்பட்டதே என்ற மனக்குறை அப்பகுதி மக்களிடம் எழுந்தது. முடிவெடுத்தோர் அரசுகள், அண்டை நாட்டுச் சட்டமன்றத்தாரைக் கேட்டு எடுத்தவை அல்ல. இடர்க்காலத்தில் பரிந்துரைக்கும் அவைக்கு இடமில்லாமற் போவதே இம்முறையின் மிகப்பெரிய ஓட்டை என்று நாம் கருதுகிறோம்.

நம் பகுதியில் நிலை என்ன? 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் அமைப்புத் தோன்றியது; அதன் உறுப்பு நாடுகளின் அவைத்தலைவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குமான சங்கம் 1992இல் உருவாயிற்று. ஆயின் 2014இல் காத்மாண்டுவில் நடந்த உச்சி மாநாட்டிற்குப்பின் சார்க் தலைவர்கள் அத்தகைய மாநாட்டிற் கூடவே இல்லை. தலைவர்கள் கூடாதபோது உறுப்பினர்கள் கூடியிருக்கலாம் அன்றோ? வடபுலத்தார் செய்தது அதுதான். பாதுகாப்பு உடன்படிக்கை முறிந்த மறு ஈராண்டிலேயே அவர்கள் அவை காணத் துணிந்தனர். பாக் நீரிணையின் இருகரை மீனவரும் ஒரே மொழி பேசுவோர். 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இரு அரசுகள் செய்துகொண்டவை. 2016இல் அமைக்கப்பட்ட கூட்டுப் பணிக்குழுவும் அதிகாரிகளால் நடத்தப்படுவதே. இராமநாதபுரத்து உறுப்பினரும் யாழ்ப்பாணத்து உறுப்பினரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மொழிபெயர்ப்பாளர் இன்றியே அமர்ந்து, வலைகளைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் சிறைப்பட்டோரைப் பற்றியும் பேசி, பேசியதன்மேல் என்ன செய்யப்பட்டது என்று இரு அரசுகளையும் கேட்க ஓர் அவை வேண்டும் என்று கேட்பது மிகையன்று.

இன்றைய வழக்கு

பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் நேட்டோவிற் சேர்ந்தபின், ஒருகாலத்தில் பேசவே கூடாதென ஒதுக்கி வைத்த பாதுகாப்புப் பொருள் இவ்வவையின் முதன்மைப் பொருளாகிவிட்டது. 1962இன் ஒப்பந்தம் இதற்கேற்பத் திருத்தப்படவேண்டும் என்ற குரல் எழுந்துள்ளது. அதே வேளையில் வேறொரு கோரிக்கையும் வலுத்துள்ளது. பாரோ தீவினரும் ஓலந்தினரும் 1970 முதலும், கிரீன்லாந்தினர் 1984 முதலும் இவ்வவையில் இருக்கை பெற்றுள்ளனர்; ஆனால் அவர்கள் அமர்வது டென்மார்க், பின்லாந்து ஆகியவற்றின் பங்கிலேயே. பாரோ தீவுகள் 2003இலும் 2016இலும் முழு உறுப்புரிமை கேட்டன. தன் பெயரில் கையெழுத்திட உரிமையில்லாத ஒப்பந்தத்தின்கீழ் எத்தனை காலம் அமர்வது என்பது அவர்தம் வினா. 2023 மே மாதத்தில் டென்மார்க்கின் நாடாளுமன்றத்தில் கிரீன்லாந்து உறுப்பினர் ஒருவர் தம் தாய்மொழியிலேயே உரையாற்றி, அதனை டேனியத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல மறுத்தார். நாட்டு அவையில் எழுந்த அதே வினாவை எல்லை கடந்த அவையும் எதிர்கொண்டு நிற்கிறது. ஐந்து நாடுகளின் அவையா, எட்டு மக்களின் அவையா என்பதை இனி அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.